கை நடுங்கவில்லை, ஓ-ரிங் தேய்ந்திருந்தது

பிப்ரவரியில் ஆரம்பித்தது. குண்டுகள் அட்டையில் மேலும் கீழுமாகப் போயின. இடம் வலம் பழையபடிதான் இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் செங்குத்தாகப் பார்த்தால் யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு குண்டு பத்தில் விழும். அதே பிடி, அதே மூச்சு, ட்ரிகரையும் அதே மாதிரிதான் அழுத்தியிருப்பேன், அடுத்த குண்டு ஒன்பதின் அடி ஓரத்திலோ எட்டிலோ போய் உட்கார்ந்திருக்கும். நூற்றுக்கு 90, 91 என்று வந்துகொண்டிருந்த எனக்கு 85 வந்தது, அப்புறம் 84.

நான் சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். ஐந்து வருடத்துக்கு முன்னால் மகளை ரேஞ்சில் சேர்த்துவிடப் போனேன், அவள் ஆறு மாதத்தில் பேட்மிண்டனுக்குப் போய்விட்டாள், நான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டேன். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் அதே விளையாட்டுதான், ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்பது. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, நடுவில் 59.5 மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்பு வட்டம், அதற்குள் பத்தாம் வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி.

ரேஞ்சில் மாஸ்டரிடம் காட்டினேன். மணிக்கட்டு தொய்கிறது என்றார். அவர் சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன், பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் காரணமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து நீட்டிக்கொண்டு தினமும் காலையில் நின்றேன். கண் பரிசோதனைக்குப் போய்க் கண்ணாடியை மாற்றினேன். காபியை நிறுத்தினேன். வயது நாற்பத்து நான்கு ஆகிவிட்டதே, தோள் போய்விட்டதோ என்று ராத்திரி படுக்கும்போது யோசனை வரும். பிஸ்டலைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. ஜெர்மன் தயாரிப்பு, இரண்டாம் கையாக வாங்கியது என்றாலும் லட்சத்தைத் தாண்டிக் கொடுத்து வாங்கியது, அது தப்பு பண்ணாது, நான்தான் தப்பு பண்ணுவேன் என்று மனசில் பதிந்திருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் தேதி வாரியாகப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பம்பு கம்பெனியில் டர்னராக இருந்து, பிறகு கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாக ஒரு லேத் போட்டு, முழங்கால் வலி வரும்வரைக்கும் ஓட்டினவர். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சுடப் போவதே அவருக்கு முதலில் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் அட்டைகளையே பார்த்துவிட்டு, "கை ஆடுனா எல்லாப் பக்கமும்ல ஆடும் அம்மிணி? இது பக்கவாட்டுல அப்படியே நிக்குதே" என்றார்.

"மணிக்கட்டு மட்டும் கீழ போகுதுன்னு மாஸ்டர் சொல்றாருங்கப்பா."

"அதெப்படி, பத்துல நாலு தடவைக்கு மட்டும் போகும்? காத்து எங்கியோ ஒழுகுதான்னு பாரு."

நோட்டை எடுத்து வந்து கணக்குப் போட்டேன். என் பிஸ்டலில் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும், அதற்குள் பூமி அதைச் சுமார் 22 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். குறி பார்க்க உதவும் பின் சைட்டை அந்த 22க்குத்தான் சரிபண்ணி வைத்திருக்கிறோம். வேகம் 130 ஆகிவிட்டால் விழுவது 29 மில்லிமீட்டர். வித்தியாசம் ஏழு. கிட்டத்தட்ட ஒரு வளையம் முழுசாக, நேர் கீழே, பக்கவாட்டில் இம்மியும் நகராமல். மூன்று மாதமாக என் அட்டையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். நான் மூன்று மாதம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்றதற்குப் பதில் முதல் வாரமே இதைப் போட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மறுநாள் ரேஞ்சில் இருந்த குரோனோகிராஃபைக் கேட்டு வாங்கினேன். குண்டு இரண்டு சென்சாருக்கு நடுவே போகும்போது வேகத்தைச் சொல்லும் பெட்டி அது, கிளப்பில் அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பத்துக் குண்டு: 149, 151, 138, 150, 129, 147, 133, 150, 141, 128. எழுதிக்கொண்டே வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. என் கை இல்லை.

அடுத்த கேள்வி எந்த இடம் என்பது. இந்த வகை பிஸ்டலில் பேரலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அது அப்படியே குண்டுக்குப் போகாது, நடுவில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது, வீட்டு கேஸ் சிலிண்டரில் மாட்டுவது போலத்தான், அது அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவாக ஒரு சின்ன அறையில் நிரப்பி வைக்கும். ட்ரிகரை அழுத்தினால் சுத்தியல் வால்வைத் தட்டும், கொஞ்சம் காற்று வெளியே வந்து குண்டைத் தள்ளும். குண்டைப் பேரலில் வைத்து லீவரை மூடும்போது போல்ட் வந்து பேரலின் பின்பக்கத்தை அடைக்கிறது. அந்த இடத்தில், பேரலின் பின்முகத்தில் ஒரு காடி வெட்டி, அதற்குள் ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள், ஓ-ரிங் என்பது அதுதான். காற்று பின்னால் தப்பிக்காமல் பார்ப்பது அதன் வேலை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் ஒரு தடவை வந்து அதை அமுக்கும். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் எத்தனை ஆயிரம் சுட்டாரோ, நானே வாரத்துக்கு முந்நூறு சுடுகிறேன்.

சந்தேகப்பட மூன்று இடம் இருந்தது. சிலிண்டர் வந்து சேரும் இடத்தில் ஒழுகினால் சுடாமல் வைத்திருக்கும்போதே காற்று இறங்கும். ராத்திரி மீட்டரைப் பார்த்து வைத்துவிட்டுக் காலையில் பார்த்தேன், முள் அசையவில்லை, சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தும் ஒரு குமிழி கிடையாது. ரெகுலேட்டர் கெட்டிருந்தால் வேகம் ஒரு ஒழுங்கோடு மாறும், ரொம்ப நேரம் விட்டுச் சுடும் முதல் குண்டு எகிறும், அடுத்தடுத்துச் சுட்டால் இறங்கி நிலைக்கும். எனக்கோ முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. மிச்சம் இருப்பது பின்பக்க வளையம். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. டிஷ்யூ பேப்பரில் மெல்லிசாக ஒரு கீற்று கிழித்து, போல்ட்டும் பேரலும் சேரும் இடத்தின் மேல் வைத்து, ரேஞ்சில் அட்டையைப் பார்த்துச் சாதாரணமாக ஒரு குண்டு சுட வேண்டும். அடைப்பு சரியாக இருந்தால் பேப்பர் அப்படியே கிடக்கும். என்னுடையது பறந்து போய்ப் பக்கத்து லேனில் விழுந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது காற்றுத் துப்பாக்கி. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை, என்னுடையது ஐந்தரை ஜூல் பக்கம்தான் வரும். வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி வேறு கதை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவின் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் அதை உரிமம் பெற்ற ரிப்பேர் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும், இதைப் படித்துவிட்டு மேசையில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

காற்றுப் பிஸ்டலிலும் நான் தொடாத இடங்கள் உண்டு. சிலிண்டரைப் பிரிக்கமாட்டேன், அது 200 பார், அதற்குத் தயாரிப்பாளர் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறார், என்னுடையதில் பத்து வருடம், அது முடிந்தால் புதுசு வாங்க வேண்டியதுதான். காலக்கெடு தாண்டாத சிலிண்டரோடு போட்டிக்கு வருவது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்பின் விதியே சொல்கிறது. ரெகுலேட்டரைத் திறக்கமாட்டேன். ட்ரிகரின் கொக்கிகளை அரத்தால் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதை யாரும் செய்யாதீர்கள், குறைந்தது 500 கிராம் எடை தாங்க வேண்டும் என்ற விதி இருப்பது ஒரு பக்கம், தானாக வெடிக்கும் பிஸ்டலோடு பக்கத்து லேனில் நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. ஓ-ரிங் மாற்றுவது இதிலெல்லாம் சேராது. அது குக்கருக்கு கேஸ்கெட் மாற்றுவது போன்றது, கவனம் மட்டும் வேண்டும்.

ஒரிஜினல் சீல் செட்டுக்கு, அதாவது காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களுக்கு, டீலரிடம் கேட்டேன். ஆறு வாரம் ஆகும் என்றார். எனக்குப் போட்டி இரண்டு வாரத்தில். ஆர்டரைப் போட்டுவிட்டு, அதுவரைக்கும் உள்ளூரில் ஒன்று தேடலாம் என்று முடிவு செய்தேன். ஒரிஜினல் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்காக ஆறு வாரம் சும்மா உட்கார அப்பாவுக்கு மனசு வரவில்லை. அவருடைய வாழ்க்கை முழுக்கப் பம்புக்கு சீல் போட்டுக்கொண்டிருந்தவர்.

பிரிப்பதற்கு முன்னால் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதில் மட்டும் அவசரம் கூடாது. குண்டு டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். பேரலில் குண்டு இல்லை என்று லீவரைத் திறந்து பார்த்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்வாயில் வெளிச்சம் வருவதையும் பார்த்தேன். சிலிண்டரைக் கையால் திருகிக் கழற்றினேன். அதோடு முடியவில்லை, உள் அறையில் ஒரு குண்டுக்கோ இரண்டு குண்டுக்கோ ஆகும் காற்று மிச்சம் இருக்கும், அதனால் மணல் நிரப்பிய பெட்டியைப் பார்த்துக் குண்டில்லாமல் சத்தம் அடங்கும்வரைக்கும் அழுத்திக் காலி செய்தேன். அப்புறம்தான் மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தேன். வெள்ளைத் துண்டு ஏனென்றால் கறுப்பு வளையம் கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

போல்ட்டை வெளியே எடுக்க இரண்டு ஆலன் ஸ்க்ரூ மட்டும்தான். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். லென்ஸை வைத்துப் பார்த்தால் காடிக்குள் அந்த வளையம், பளபளவென்று தட்டையாக, ஒரு பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு. அதை எடுக்க ஊசி எடுத்தேன், அப்பா கையைப் பிடித்துவிட்டார். "இரும்பு வேண்டாம். காடியில கீறல் விழுந்துச்சுன்னா நீ எத்தனை ரிங் போட்டாலும் அந்தக் கீறல் வழியாக் காத்துப் போகும்." பல் குத்தும் குச்சியை எடுத்து முனையை நசுக்கி அவரே நெம்பி எடுத்தார். முழங்கால் நடுங்குகிற மனிதருக்கு விரல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

தேய்ந்த வளையத்தை அளந்தால் தப்பான அளவுதான் கிடைக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே அமுங்கிச் செத்துப் போன ரப்பர். அளக்க வேண்டியது காடியை. வெர்னியரின் பின்னால் நீட்டிக்கொண்டு வரும் ஆழக்கோலை வைத்துப் பார்த்தோம், ஆழம் 1.2 மில்லிமீட்டர். அகலம் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உள்விட்டம் ஐந்து. பழைய வளையம் காடிக்கு மேலே பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பி நிற்கவில்லை, அப்புறம் போல்ட் வந்து எதை அமுக்கும்?

அப்பாவின் கணக்கு எளிமையானது. "நூத்துக்குப் பதினஞ்சு இருவது அமுங்கோணும். குறைஞ்சா ஒழுகும், கூடுனா கிழியும்." 1.5 கனமுள்ள வளையம் 1.2 ஆழக் காடியில் உட்கார்ந்தால் 0.3 மேலே நிற்கும், போல்ட் மூடும்போது அந்த 0.3 அமுங்கும், அது சரியாக நூற்றுக்கு இருபது. காடியை வளையத்தைவிட அகலமாக ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ரப்பர் சுருங்காது, இடம் மாறும், மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், அந்தப் பிதுக்கத்துக்கு இடம் வேண்டும் என்றார். இவ்வளவு நாள் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்டதே இல்லை.

நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்குப் போனேன். அப்பாவால் படி ஏற முடியாது, வண்டியில் உட்கார்ந்திருந்தார். பழைய வளையத்தைக் காட்டினேன், பையன் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு பெட்டியிலிருந்து பத்து எடுத்துக் கொடுத்துவிட்டான். ஒன்று ஐந்து ரூபாய். பார்வைக்கு அச்சு அசல் அதே. வீட்டுக்கு வந்து காடியில் வைத்து, போல்ட்டைப் போட்டு லீவரை மூடினால் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், மூடிக்கொண்டது, திறந்து பார்த்தால் வளையம் ஒரு ஓரத்தில் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது.

வெர்னியரில் வைத்துப் பார்த்ததும் புரிந்தது. அது 1.78. அங்குல அளவில் வரும் வளையம். சந்தையில் இரண்டு குடும்பம் இருக்கிறது, மில்லிமீட்டர் கணக்கு ஒன்று, அங்குலக் கணக்கு ஒன்று, அங்குலத்தில் மெல்லிசானவற்றில் அடிக்கடி கிடைப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எழுபது பங்கு, அதாவது 1.78 மில்லிமீட்டர். 1.5க்கும் 1.78க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 1.2 காடியில் அது 0.58 மேலே நிற்கும், நூற்றுக்கு முப்பத்து மூன்று அமுங்க வேண்டும், கிழியாமல் என்ன செய்யும்? அளவை எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டியவள் சாம்பிளைக் காட்டி வாங்கினேன், தப்பு என்மேல்தான்.

மறுநாள் காகிதத்தில் "5 x 1.5, நைட்ரைல், 70 ஷோர்" என்று எழுதி எடுத்துப் போனேன். அந்தப் பையன் இந்தத் தடவை, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லங்க்கா" என்று சொல்லி உள்ளே போய்த் தேடிப் பத்து எடுத்து வந்தான். நைட்ரைல் என்பது ரப்பரின் வகை, 70 ஷோர் என்பது அதன் கடினம். 90 வாங்கலாமா என்று எனக்கு யோசனை இருந்தது, பெரிய அழுத்தத்துக்கு அதுதான் போடுவார்கள். ஆனால் இந்த இடத்தில் 200 பார் வருவதில்லை, ரெகுலேட்டருக்கு அப்புறம் குறைந்துவிட்ட காற்று, அதுவும் ஒரு நொடியின் சின்னத் துணுக்கு நேரம்தான் வந்து போகிறது. மென்மையான ரப்பர் முகத்தோடு நன்றாக ஒட்டும், லீவருக்கும் பாரம் இல்லை.

போடும் வேலை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காடியைப் பஞ்சு இல்லாத துணியில் துடைத்தோம், சாயம் போன பழைய பருத்தி வேட்டித் துணிதான். சிலிகான் கிரீஸை விரல் நுனியில் பட்டும் படாமல் எடுத்து வளையத்தில் தடவினேன், வளையம் ஈரமாகத் தெரிந்தால் போதும், வழியக் கூடாது. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் இந்தப் பக்கமே வரக் கூடாது. அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் திடீரென்று அமுங்கும்போது சூடேறிப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு, டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லாமல் எரிகிறதே அதே சங்கதி. வளையத்தை முறுக்காமல் காடியில் உட்காரவைத்து, குச்சியின் மழுங்கின பக்கத்தால் சுற்றிலும் மெதுவாக அமுக்கினேன். போல்ட், இரண்டு ஸ்க்ரூ. லீவரை மூடினால் கடைசி இழுவையில் லேசாக ஒரு எதிர்ப்பு, மிருதுவாக. அது மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை அதை மறந்தே போயிருந்தது.

இந்த நாட்களில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கரைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டலின் லீவரில் கோளாறு. சுடும் இடத்தை விட்டு வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு திரும்ப வந்து சுட்டார், 575 எடுத்துப் பன்னிரண்டாம் இடம், இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் போனது. பத்தொன்பது வயதுப் பெண். அதற்குப் பிறகு அவரைப் பற்றி என்னென்ன எழுதினார்கள், அழுத்தம் தாங்க மாட்டார், மனசு பலம் போதாது என்று. மூன்று வருடம் கழித்து 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் இதே ஏர் பிஸ்டலில் வெண்கலம், இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். உலோகத்தில் வந்த ஒரு கோளாறுக்கு ஒரு பெண்ணின் மனசைக் குறை சொன்னது எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

சரி, முடிவு. திங்கள் மாலை மறுபடி குரோனோ. 150, 151, 150, 149, 151, 150, 150, 149, 150, 151. டிஷ்யூ கீற்று அசையவில்லை. அட்டையில் முதல் பத்துக் குண்டு 89, இரண்டாவது பத்து 92. 92 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும், அது என்னுடைய பழைய எண்ணிக்கை, அவ்வளவுதான், ஆனால் அது திரும்பி வந்ததும் வண்டிக்குப் போய் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணு போதாது, பத்து வாங்கி வெச்சிருக்கியல்ல, ஒரு டப்பாவுல போட்டு வெயில் படாம வை. என்னைக்கு மாத்துனன்னு எழுதி வை" என்றார். டப்பாவின் மூடியில் தேதியும் எழுதியிருக்கிறேன், அன்றைய தேதியிலிருந்து எத்தனை குண்டு என்று நோட்டிலும் கணக்கு வைக்கிறேன். ஐயாயிரம் தாண்டியதும் ஒரு தடவை குரோனோ பார்ப்பேன்.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அலமாரியைத் திறந்து கிளப் பிஸ்டல்கள் நான்கையும் எடுத்து மேசையில் வைத்தார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அவற்றைத்தான் மாற்றி மாற்றிச் சுடுவார்கள். ஒவ்வொன்றிலும் டிஷ்யூ வைத்துப் பார்த்தோம். இரண்டில் அசையவில்லை, ஒன்றில் லேசாக ஆடியது, நான்காவதில் பறந்தது.

அந்த நான்காவது பிஸ்டல், சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஏழாம் வகுப்புப் பெண்ணுடையது. அதாவது அவள் எப்போதும் எடுத்துச் சுடுவது. தை மாதத்திலிருந்து அவளை மணிக்கட்டு தொய்கிறது, மணிக்கட்டு தொய்கிறது என்று நாங்கள் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், சொல்லிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, டிஷ்யூ பறந்ததை இன்னொரு தடவை சுட்டுக் காட்டினார். "உன் கை நல்லாத்தான் இருக்குதும்மா" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த பிஸ்டலின் காடி அளவு வேறு, ஆழம் 1.5 வருகிறது. நாளைக்கு அப்பாவை வண்டியில் வைத்துக்கொண்டு மறுபடி நஞ்சப்பா ரோடு போகிறேன்.